தீஸ்தாக் கரையில் உருண்டை மிளகாய்

கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் இரண்டே திசைகள்தாம். தெற்கே சென்றால் சொந்த ஊர். வடக்கே சென்றால் இமயமலை. தெற்கே போவது கடமை என்றும், வடக்கே போவது ஆசை என்றும் எங்கள் வீட்டில் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வது உண்டு. 2024-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு மறுநாள் இரவு நாங்கள் இருவரும் வடக்கே புறப்பட்டபோது, ஆசையோடு சிறிது கடமையும் கலந்திருந்தது.

அந்தக் கடமை ஒரு சேலை வடிவத்தில் எங்கள் பெட்டிக்குள் இருந்தது. எங்கள் தம்பி சென்னையில் குடியிருக்கிறான். அவன் வசிக்கும் கட்டடத்தின் மொட்டைமாடி அறையில், கலிம்போங் மலைப் பக்கத்து இளைஞர் ஒருவர் தங்கியிருக்கிறார். ஓர் உணவு விடுதியின் சமையற்கட்டில் அவருக்கு வேலை. புரட்டாசியில் நாங்கள் சென்னைக்குச் சென்றிருந்தபோது, மலைக்குப் போகவிருக்கும் செய்தியைத் தம்பி அவரிடம் சொல்லிவிட்டான். மறுநாளே அவர் மதுரைச் சுங்குடிச் சேலை ஒன்றை வாங்கி வந்து, "இதை எங்கள் அம்மாவிடம் சேர்த்துவிடுவீர்களா?" என்று கேட்டார். அவர் அறைக்கு வெளியே, பழைய வண்ணப்பூச்சு வாளியில் ஒரு மிளகாய்ச் செடி நின்றது. அந்தச் செடிக்கும் சேலை போகும் வீட்டுக்கும் உள்ள உறவு அப்போது எங்களுக்குத் தெரியாது.

மலைப் பாதை

சியால்டாவில் இரவு பத்து மணியளவில் டார்ஜிலிங் மெயிலில் ஏறினால், காலையில் நியூ ஜல்பைகுரியில் இறங்கலாம். அங்கிருந்து கலிம்போங் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். வாடகைக் காரில் சாதாரணமாக மூன்று மணி நேரம் பிடிக்கும். சிலிகுரியைக் கடந்து, சால் மரக் காட்டின் நடுவே சிறிது தூரம் சென்றதும் சேவோக் வருகிறது. அங்கே தீஸ்தா நதி மலையை விட்டுச் சமவெளியில் கால் வைக்கிறது. 1941-இல் கட்டி முடிக்கப்பட்ட முடிசூட்டுப் பாலம் ஆற்றின் குறுக்கே ஒரே வளைவாக வளைந்து நிற்கிறது. நமது பாதை அந்தப் பாலத்தின் மேல் ஏறுவதில்லை. ஆற்றின் மேலைக் கரையை ஒட்டியே மேலே செல்கிறது.

இந்தப் பாதையின் அழகை வருணிக்க நாங்கள் முனையவில்லை. முன்பு பலமுறை இவ்வழியே சென்றபோது நாங்கள் கண்ட பச்சை நிற ஆறு ஒன்று உண்டு. இம்முறை கண்டது வேறு. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் அதிகாலைக்கு முன், வடக்கு சிக்கிமில் பனியாறு உருகித் தேங்கிய தெற்கு லோனக் ஏரி கரை உடைந்தது. அந்த வெள்ளம் சுங்தாங்கில் இருந்த நீர்மின் அணையை அடித்துக்கொண்டு தீஸ்தாப் பள்ளத்தாக்கு முழுதும் இறங்கிற்று. சிக்கிமிலும், கீழே வங்காளத்து மலைப் பகுதியிலும் உயிர்களும் வீடுகளும் பாலங்களும் போயின. ஓராண்டு கழித்து நாங்கள் சென்றபோதும் மணலும் கற்களும் மேடிட்டு, ஆற்றின் படுகை உயர்ந்திருந்தது. சில இடங்களில் பாதையே ஆற்றின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருப்பது போலத் தோன்றியது. ஓரிடத்தில் மண் சரிவை அகற்றும் இயந்திரத்திற்கு வழிவிட்டு முக்கால் மணி நேரம் நின்றோம்.

தீஸ்தா பஜார் என்னும் சிற்றூரில் ஆற்றைக் கடக்கவேண்டும். கடந்தபின் பாதை செங்குத்தாக ஏறுகிறது. காற்று குளிர்கிறது, காது அடைக்கிறது. சுமார் 4,100 அடி உயரத்தில், இரண்டு குன்றுகளுக்கு இடைப்பட்ட முதுகின்மேல் கலிம்போங் அமர்ந்திருக்கிறது.

சனிக்கிழமைச் சந்தை

கலிம்போங் நகரத்தின் வரலாற்றைச் சந்தையின் வரலாறு என்றே சொல்லிவிடலாம். 1865 வரை இது பூட்டானுக்கு உட்பட்டிருந்தது. பிரிட்டிஷார் கைக்கு வந்தபின், ஜெலெப் கணவாய் வழியாகத் திபெத்திலிருந்து கம்பளி மூட்டைகளைச் சுமந்து கோவேறு கழுதைகள் இங்கே இறங்கின. திபெத்திய மொழியில் தார்ச்சின் என்பவர் 1925-இல் தொடங்கிய செய்தித்தாள் இந்த ஊரிலிருந்துதான் வெளிவந்தது. 1962-ஆம் ஆண்டுப் போருடன் கணவாய் அடைபட்டது. கம்பளி வாணிகம் நின்றது. 2017-இல் கலிம்போங் தனி மாவட்டமாயிற்று. இத்தனை மாறுதல்களுக்கிடையே புதன்கிழமையும் சனிக்கிழமையும் கூடும் சந்தை மட்டும் நிற்கவில்லை.

நாங்கள் சென்று சேர்ந்தது சனிக்கிழமை நண்பகல். பெட்டிகளை விடுதியில் போட்டுவிட்டு நேரே சந்தைக்கு நடந்தோம். மலைவாழ் மக்கள் உணவைக் கெடாமல் வைக்கும் கலையில் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்பதை அங்கே கண்ணாரக் காணலாம். கடுகுக் கீரையையும் முள்ளங்கிக் கீரையையும் புளிக்கவைத்து வெயிலில் உலர்த்திய குந்த்ருக். சோயா மொச்சையை வேகவைத்து நொதிக்கவிட்ட கினேமா. கல்லைப் போல இறுகிய சுர்பி என்னும் பாற்கட்டி. புளித்த மூங்கில் குருத்து. மழை நான்கு மாதம், குளிர் மூன்று மாதம் என்று வாழும் மக்கள், விளையும் காலத்தில் விளைவதைப் பத்திரப்படுத்தாவிட்டால் பிறகு கறிக்கு எங்கே போவார்கள்?

இவற்றின் நடுவே, பெண்கள் தரையில் விரித்த சாக்குகளின்மேல் செம்மணிகளைக் குவித்துவைத்தது போலக் கிடந்தன டல்லே குர்சானிகள். நேபாளி மொழியில் டல்லே என்றால் உருண்டை. குர்சானி என்றால் மிளகாய். கோலிக்குண்டு அளவு, சிலவற்றில் பச்சைக் காம்பு, தோல் பளபளவென்று மின்னுகிறது. நம் இராமநாதபுரத்துக் குண்டு மிளகாயின் தங்கை என்று பார்த்தவுடன் நினைக்கத் தோன்றும். ஆனால் குண்டு மிளகாய் வேறு. வெயிலில் காய்ந்து சலசலக்கும். டல்லேயின் சதை தடித்தது; சாறு மிகுந்தது. மூடுபனி தவழும் இந்த மலையில் அதைக் காயவைக்கப் போட்டால், காய்வதற்கு முன் அழுகிவிடும். ஆகையால் இங்கே மிளகாயைக் காயவைப்பதைவிடப் புட்டியில் ஊறவைப்பதே வழக்கமாயிற்று.

காரத்தைப் பற்றிச் சில சொற்கள். மிளகாயின் உறைப்பை அளக்க 1912-இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியலார் ஒரு முறை வகுத்தார். அந்த அளவில் டல்லே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டது என்பர். அஸ்ஸாமிலும் நாகாலாந்திலும் விளையும் பூத் ஜோலோக்கியா 10 லட்சத்தைத் தாண்டி, 2007-இல் உலகிலேயே மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. பிற்பாடு வேறு மிளகாய்கள் அதனை மிஞ்சிவிட்டன. டல்லேக்கு அந்தப் போட்டியில் இடமில்லை. ஆனால் அதற்கு ஒரு மணம் உண்டு. பழத்தின் மணம் போன்றது. மோமோவுடன் அரை டல்லேயைக் கடித்தால், முதலில் மணம் வரும். அதன்பின் கண்ணீர் வரும். கண்ணீர் வந்தால் தண்ணீர் குடித்துப் பயனில்லை. காரத்துக்குக் காரணமான காப்சைசின் என்னும் பொருள் தண்ணீரில் கரையாது. பாலோ தயிரோதான் துணை. தயிர் சாதம் உண்ணும் நமக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை.

மிளகாய் எவருக்கும் பூர்வீகச் சொத்தன்று என்பதையும் நினைவுகூரலாம். அது அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. போர்த்துகீசியரின் கப்பல்களில் இந்தியாவுக்கு வந்தது. நாம் அதற்கு மிளகு போன்ற காய் என்று பொருள்படப் பெயரிட்டு, நம் வீட்டுப் பிள்ளை ஆக்கிக்கொண்டோம். இந்த மலைமக்களும் அவ்வாறே செய்தார்கள். குடிபெயர்ந்து சென்ற இடத்தில் வேரூன்றுவதற்கு மிளகாயைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

அக்காள் வீடு

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சேலையை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். அந்த அம்மையாரின் வீடு கலிம்போங்கிலிருந்து கீழே இறங்கும் வழியில், சரிவில் அமைந்த ஒரு சிற்றூரில் இருக்கிறது. தகரக் கூரை, மரச் சுவர், வாசலில் செவ்வந்தியும் துலுக்கச் செவ்வந்தியும். சுவர் ஓரமாகத் தகர டப்பாக்களிலும் கிழிந்த சாக்குகளிலும் மண் நிரப்பி மிளகாய்ச் செடிகளை வைத்திருந்தார்கள். எண்ணிப்பார்த்தோம்; பதினேழு.

நாங்கள் சென்ற நாள் பாய் டீக்கா என்று பிறகுதான் தெரிந்தது. நம் தீபாவளியை ஒட்டி நேபாளி மக்கள் திகார் என்னும் ஐந்து நாள் திருவிழாக் கொண்டாடுகிறார்கள். முதல் நாள் காக்கைக்குச் சோறு. இரண்டாம் நாள் நாய்க்கு மாலை. பிறகு பசுவும் இலட்சுமியும். கடைசி நாளில் உடன்பிறந்தாருக்குச் சகோதரிகள் ஏழு நிறத்தில் திலகமிடுகிறார்கள். கணுப் பண்டிகையில் காக்கைக்கு அன்னம் வைத்து உடன்பிறந்தாருக்காக வேண்டிக்கொள்ளும் நம் பெண்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அன்று அணிவிக்கும் மாலையில் வாடாமல்லிப் பூ இருந்தே தீரவேண்டுமாம். வாடாத பூவைப் போல உடன்பிறந்தாரின் வாழ்வும் வாடாதிருக்கவேண்டும் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

நாங்கள் அவரைத் தீதி என்று அழைத்தோம். அக்காள் என்பது பொருள். அவரும் எங்களைத் தாஜு என்றும், பஹினி என்றும், அண்ணன் தங்கை முறை வைத்து அழைத்தார். பாதி இந்தியிலும் பாதி வங்காளியிலும் பேச்சு நடந்தது. சேலையைப் பிரித்துப் பார்த்தார். புள்ளிகளைத் தடவிப் பார்த்தார். மடித்து, இலட்சுமி படத்தின்கீழ் வைத்தார். மிளகாய்ச் செடிகளைப் பற்றி நாங்கள் கேட்டபோதுதான் கதை வெளிவந்தது.

ஓராண்டுக்கு முன்வரை அவர் வீடு கீழே, தீஸ்தாக் கரையில் இருந்தது. மணமாகி வந்தபோது மாமியார் கையால் கொடுத்த டல்லே விதையை முப்பது ஆண்டுகளாகத் தவறாமல் விதைத்து வந்தவர் அவர். ஆற்றங்கரைச் சூட்டில் மிகுதியாகக் காய்க்காவிட்டாலும், வீட்டுக்கும் விற்பனைக்கும் போதுமான புட்டிகள் ஆண்டுதோறும் நிறைந்தன. வெள்ளம் வந்த இரவில் எழுப்பும் குரல் கேட்டு, மேலே ஏறி உயிர் தப்பினார்கள். விடிந்தபின் பார்த்தபோது வீடு இல்லை, கொல்லை இல்லை, அலமாரியில் வரிசையாக வைத்திருந்த புட்டிகள் இல்லை. அடுப்பின்மேல் துணியில் முடிந்து தொங்கவிட்டிருந்த விதை முடிப்பும் இல்லை.

"வீடு போனதற்கு அரசாங்கத்திடம் மனுக் கொடுக்கலாம். விதை போனதற்கு யாரிடம் கொடுப்பது?" என்றார் தீதி. அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

சந்தையில் டல்லே கிடைக்காதா என்று கேட்டோம். கிடைக்கும், ஆனால் அவருடைய மாமியார் வைத்திருந்த வகை சிறிது பெரிது, மணம் கூடியது, மஞ்சளாகாமல் பச்சையிலிருந்து நேரே சிவப்பது என்றார். பிறர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். பெற்றவளுக்கு இரட்டைப் பிள்ளைகளும் ஒன்றாகத் தெரிவதில்லை.

சென்னைக்குப் போன மகன் புறப்படும்போது ஒரு சிட்டிகை விதையைக் காகிதத்தில் மடித்து எடுத்துச் சென்றிருந்தார். மொட்டைமாடி வாளியில் முளைத்த செடி, சென்னை வெயிலில் பத்து மாதம் பூவை உதிர்த்துக்கொண்டே நின்றது. மார்கழி, தை மாதக் குளிரில் மட்டும் விரல்விட்டு எண்ணத்தக்க காய்களைக் கொடுத்தது. வெள்ளம் வந்த ஆண்டின் தைக் காய்களை அவர் தின்னவில்லை; விற்கவில்லை. நன்றாகப் பழுக்கவிட்டு, விதை எடுத்து, நிழலில் உலர்த்தி, அஞ்சலில் அனுப்பினார். இங்கிருந்து சென்ற விதை அங்கிருந்து திரும்பி வந்தது.

வந்த விதையில் ஒரு சிக்கலும் வந்தது. மிளகாய்ப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். ஆயினும் தேனீ கொண்டுவரும் அயல் மகரந்தமும் சேர்வதுண்டு. அந்த மாடியில் வேறொரு குடித்தனக்காரர் நம் சாதாரணச் சம்பா மிளகாயை வைத்திருக்கிறார் என்று தம்பி சொல்லியிருந்தான். தீதி வளர்த்த செடிகளில் ஐந்து, உருண்டையாக இல்லாமல் கூர் மூக்குடன் காய்த்தன. அவற்றிலிருந்து விதை எடுக்கக்கூடாது என்று சிவப்புத் துணி கட்டி அடையாளம் வைத்திருந்தார். எஞ்சிய பன்னிரண்டில் மிக உருண்டையானவை மூன்றை மட்டும் விதைக்கு ஒதுக்கியிருந்தார். "இன்னும் இரண்டு மூன்று வருஷம் பொறுக்கியெடுத்தால் பழைய டல்லே திரும்பிவிடும்" என்பது அவர் கணக்கு. பயிர் நூல் கற்றவர்கள் செய்வதும் இதுவே.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே சென்னையிலிருந்து தொலைபேசி வந்தது. மகன் தாயிடம் நேபாளியில் பேசிவிட்டு எங்களைக் கேட்டார். "நல்லா இருக்கீங்களா அண்ணா? குளிர் ஜாஸ்தியா? அம்மா ரொம்பக் காரமாப் போட்டுட்டாங்களா?" என்று சென்னைத் தமிழ் பொழிந்தது. நாங்களும் தமிழில் விடை சொன்னோம். பேசி முடித்துப் பார்த்தால், தீதி எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தம் மகன் தமக்குத் தெரியாத மொழியில் இத்தனை சரளமாகப் பேசுவதை அவர் முதன்முறையாகக் கேட்டாராம். பெருமையும் வருத்தமும் கலந்த அந்த முகத்தை நாங்கள் முன்பு எங்கள் வீட்டிலேயே கண்டிருக்கிறோம். எங்கள் பிள்ளைகள் தெருவில் வங்காளியில் விளையாடுவதை, ஊரிலிருந்து வந்திருந்த எங்கள் தாயார் சன்னலோரம் நின்று கேட்ட முகம் அது.

புட்டியில் அடைக்கும் முறை

உணவுக்குப் பின் தீதி மிளகாய் ஊறவைக்கும் முறையைச் செய்தே காட்டினார். பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறோம்.

காம்புடன் கூடிய, கீறலும் புள்ளியும் இல்லாத பழங்களையே எடுக்கவேண்டும். காம்பைக் கிள்ளினால் அந்த வாயில் வழியாக அழுகல் நுழையும். கழுவித் துடைத்து, ஒருநாள் நிழலில் பரப்பித் தோல் சற்றே வதங்கவிடவேண்டும். பின்பு ஒவ்வொரு பழத்திலும் ஊசியால் இரண்டு மூன்று இடங்களில் குத்தவேண்டும். இல்லாவிட்டால் தடித்த தோல் உப்பை உள்ளே விடாது. கண்ணாடிப் புட்டியைக் கொதிநீரில் போட்டெடுத்து ஈரமின்றி உலர்த்தவேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, லிட்டருக்கு 50 கிராம் உப்புக் கரைத்து, பழங்கள் மூழ்க ஊற்றவேண்டும். தீதி உப்பைக் கையால் அள்ளித்தான் போட்டார்; அவர் அள்ளியதை நாங்கள் பக்கத்துக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம்.

பழங்கள் மிதக்கக்கூடாது. உப்பு நீருக்குமேல் தலை நீட்டும் பழத்தில் பூசணம் பிடிக்கும். ஆகவே சுத்தமான கூழாங்கல் ஒன்றை மேலே பாரமாக வைக்கிறார்கள். நான்கைந்து நாளில் குமிழிகள் எழும், நீர் கலங்கும், புளிப்பு மணம் வரும். புட்டியின் மூடியை நாள்தோறும் சற்றே தளர்த்தி காற்றை வெளியேற்றவேண்டும். இரண்டு வாரத்தில் நுரை அடங்கியதும், நீரில் ஒரு பங்கை இறுத்துவிட்டு, சிர்கா என்று அவர்கள் சொல்லும் காடியை ஊற்றுகிறார்கள். கடைசியாக, கடுகெண்ணெயைப் புகையக் காய்ச்சி, ஆறவிட்டு, மேலே ஒரு விரற்கடை நிற்க ஊற்றுகிறார்கள். சிலர் காடியோடு நிறுத்திவிடுவார்களாம். எப்படியாயினும் ஈரக் கரண்டி மட்டும் உள்ளே போகலாகாது. இந்த ஒரு சட்டம் தஞ்சாவூருக்கும் கலிம்போங்குக்கும் பொது.

இந்த இடத்தில் எங்கள் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். முந்திய ஆண்டு ஒரு நண்பர் கொடுத்த டல்லேச் செடி எங்கள் மாடியில் குளிர்காலத்தில் முப்பது பழம் பழுத்தது. அவற்றைப் பச்சையாகவே நல்லெண்ணெயில் மூழ்கவைத்து, மூடி இறுக்கி, அலமாரியில் வைத்தோம். எண்ணெய் இருந்தால் எதுவும் கெடாது என்பது எங்கள் நினைப்பு. மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது குமிழியும் கலங்கலும் கண்டு, மனமில்லாமல் கொட்டினோம்.

கொட்டியது நல்லதே என்று இப்போது அறிகிறோம். எண்ணெய் காற்றைத் தடுக்கும், புளிப்பைத் தராது. ஈரமுள்ள பச்சைக் காயை, புளிப்பும் உப்பும் இன்றி எண்ணெய்க்குள் புதைத்தால், காற்றில்லா இடத்தில் வளரும் போட்டுலினம் என்னும் நுண்ணுயிர் அங்கே நஞ்சை உண்டாக்கக்கூடும். அதன் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. நாற்றமோ நிறமாற்றமோ காட்டாமலும் அந்த நஞ்சு இருக்கலாம் என்பதால், முகர்ந்து பார்த்துத் தீர்மானிக்கவும் இயலாது. புளிப்பின் அளவைக் குறிக்கும் பி.எச். 4.6-க்குக் கீழே இருந்தால் அது வளராது. தீதியின் புட்டியில் முதலில் உப்பு, அடுத்து நொதிப்பால் வந்த புளிப்பு, அதன்மேல் காடி, எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெய் என்று நான்கு காவல். எங்கள் புட்டியில் காவலே இல்லை. வீட்டில் மிளகாய் ஊறவைக்கும் அன்பர்கள் இதை மறவாதிருக்க வேண்டுகிறோம்.

தீதி கேட்ட கேள்வி

புட்டியை மூடியபின் தீதி கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "உங்கள் ஊரில் மிளகாயை எப்படி வைப்பீர்கள்?" என்று கேட்டார்.

மோர் மிளகாய் என்று பெருமையாகத் தொடங்கினோம். கீறுவோம்; உப்பிட்ட புளித்த மோரில் போடுவோம்; இரவில் ஊறும், பகலில் காயும் என்றோம். "எத்தனை நாள்? மோர் எவ்வளவு புளிக்கவேண்டும்? ஒரு கிலோவுக்கு எத்தனை உப்பு? மழை வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று அவர் அடுக்கினார். தொழில் தெரிந்தவரின் கேள்விகள். எங்களில் ஒருவர் மற்றவர் முகத்தைப் பார்த்தோம். எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் தாயார் இருந்தவரை பங்குனி மாதத்தில் கொல்கத்தா மாடியிலேயே மோர் மிளகாய் போட்டார். பிற்பகலில் வடமேற்கே கறுத்துக் கால் வைசாகிப் புயல் திரளும்போது, முறங்களைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவது எங்கள் வேலை. முறம் தூக்கினோமே தவிர ஒருநாளும் முறை கேட்கவில்லை. அவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவர் போட்டதில் ஒரு பிடி இன்னும் பீங்கான் ஜாடியின் அடியில் கிடக்கிறது. தீர்ந்துவிடும் என்று அஞ்சி அதை எவரும் வறுப்பதில்லை. வெள்ளத்தில் விதையை இழந்தவர் அதனைத் தேடி மீட்டுக்கொண்டார். வெள்ளமே வராத எங்கள் வீட்டில் நாங்கள் அதைக் கைநழுவவிட்டோம். இந்த எண்ணம் மலையிறங்கும் வழியெல்லாம் எங்களுடன் வந்தது.

ஊர் திரும்பிய மறுநாளே மன்னார்குடியில் இருக்கும் எங்கள் அத்தையைத் தொலைபேசியில் அழைத்தோம். அவருக்கு வயது எண்பத்து மூன்று. முதலில் "கடையில் கிடைக்கிறதே, இப்போது எதற்கு?" என்றார். பிறகு ஒரு மணி நேரம் சொன்னார். ஒரு கிலோ தடித்த பச்சை மிளகாய். காம்பு முழுதும் கிள்ளாமல் நுனியில் கீறல். முழுகும் அளவு நன்கு புளித்த மோர். 150 கிராம் கல்லுப்பு. மூன்று நாள் அசையாமல் ஊறி நிறம் வெளுக்கவேண்டும். பிறகு பகலில் மிளகாய் மட்டும் வெயிலுக்குப் போகும். மோர் நிழலில் காத்திருக்கும். இரவில் இரண்டும் சேரும். மோர் முழுதும் உறிஞ்சப்படும்வரை இப்படி நான்கைந்து நாள். அதன்பின் கிள்ளினால் ஒடியுமாறு காயவேண்டும். இடையில் மழை வந்தால், மிளகாயை மோருக்குள்ளேயே இன்னும் ஓர் உப்புப் பிடியுடன் இருத்திவிடவேண்டும். "உன் அம்மாவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே" என்று முடித்தார். அதுவும் எங்களுக்குப் புதிய செய்தி.

2025-ஆம் ஆண்டுப் பங்குனியில் எங்கள் மாடியில் முறங்கள் விரிந்தன. முதல் ஈட்டில் உப்புக் கூடிவிட்டது. இரண்டாம் ஈடு, அத்தையின் அளவுக்கு ஏறத்தாழ வந்தது. அதில் ஒரு சிறு டப்பாவைக் கலிம்போங்குக்கு அனுப்பினோம். எண்ணெயில் பொரித்துச் சோற்றுடன் உண்டதாகவும், காரம் போதாதென்றும் தீதி தெரிவித்தார்.

விடைபெறும்போது அவர் எங்களுக்கு இரண்டு பொருள் கொடுத்தார். ஒன்று சென்னைக்குச் செல்லவேண்டிய டல்லேப் புட்டி. அதைத் தம்பி வழியே சேர்ப்பித்துவிட்டோம். மற்றொன்று காகிதத்தில் மடித்த விதை. மூன்று செடிகளில் ஒன்றின் விதை. "ஓரிடத்தில் மட்டும் வைத்திருக்கக்கூடாது என்று கற்றுக்கொண்டேன்" என்றார். மிளகாய் விதை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் முளைப்புத் திறன் காப்பதில்லை. ஆகவே விதைத்துக்கொண்டே இருக்கவேண்டும். அவ்விதையில் முளைத்தவற்றில் நான்கு செடிகள் இப்போது எங்கள் மாடியில் இருக்கின்றன. மற்ற மிளகாய்களோடு கலந்துவிடாதிருக்க, பூக்கும் காலத்தில் மெல்லிய வலைத்துணியால் மூடிவைக்கிறோம்.

சங்கத்து அன்பர்களில் எவரேனும் ஒரு தொட்டி இடம் ஒதுக்க இசைந்தால், ஐப்பசிக்குள் சொல்லியனுப்பக் கோருகிறோம். நாற்றுத் தருவோம். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்போம்: உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் போடும் ஊறுகாயோ வற்றலோ ஒன்றின் அளவைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.